மைதானத்துக்கு ஒரு வாய்

"நடுவரய்யா! எதிர்ப்பக்கம்தான் கடை. ஆட்டம் முடிஞ்சதும் வந்துட்டுப் போங்க. உங்களுக்கு ஃப்ரேமுக்கு மட்டும்தான் காசு, கண்ணாடி தர்மத்துக்கு!"

பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று நடுவர் யோசித்து முடிப்பதற்குள் கண்ணாடிக்கடை அக்காவின் தீர்ப்பு வந்துவிடும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. கல்லூரி மைதானத்தின் சிமெண்டுப் படிக்கட்டில் இரண்டாவது வரிசை, பயிற்சியாளர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால் அவருடைய இடம். மடக்குக் குடை ஒன்று மடியில் குறுக்காகக் கிடக்கும். மழைக்கு விரிப்பார், வெயிலுக்கு விரிப்பார், நம் பையன் கோலைத் தவறவிட்டால் மடக்கிப் படியில் ஓங்கித் தட்டுவார். கல்லூரிக்குச் சொந்தமாக ஓர் ஒலிபெருக்கியும் உண்டு. அது பழுதாகி வெகுகாலம் ஆகிறது. யாரும் கவனிக்கவில்லை.

கடையில் அவர் வேறு ஆளாக இருப்பார் என்று நம்பிப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். "இந்த ஃப்ரேம் எனக்கு எப்படிங்க இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டவரிடம், "ஆந்தை மாதிரி இருக்கீங்க. ஆந்தைக்கு அது அழகு" என்றார் ஒருமுறை. ஊரில் வேறு கண்ணாடிக்கடை இல்லாததால் வியாபாரம் நடக்கிறது. உள்ளறையில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கும் கணவர், முகம் சுருங்கி வெளியேறும் ஒவ்வொருவரையும் எட்டிப் பார்த்து, மனைவி சார்பில் ஒரு புன்னகை செய்து அனுப்புவார். தான் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிட்டதில் அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புன்னகை ஒன்றுதான்.

மைதானத்தில் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. நம் அணியைத் திட்டுவார், நடுவரைத் திட்டுவார், புல் வெட்டாத தோட்டக்காரரைக்கூடத் திட்டுவார். எதிரணிப் பையன்களைப் பார்த்து ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்டால், "அடுத்த வீட்டுப் பிள்ளையத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்பார். உரிமை இருக்கிற பிள்ளைகள் பாடு திண்டாட்டம். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு சுற்றும் முன்கள ஆட்டக்காரனுக்கு, "ஏண்டா, வீட்டுக்குக் கொண்டுபோய் வளக்கப்போறியா? பேர் வச்சாச்சா?" ஓடாமல் நின்றவனுக்கு, "நடுவுல நட்டு வச்சிருக்காங்கடா, யாராச்சும் தண்ணி ஊத்துங்க!" பையன்கள் முறைப்பார்கள். ஆனால் ஆட்டம் முடிந்து கடைப் பக்கம் போகும்போது, "இன்னிக்கு என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே, அக்கா?" என்று தலையை நீட்டி ஏக்கமாக விசாரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வாய் இடையில் பல மாதம் மூடிக் கிடந்தது.

அதற்கு முன்புவரை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அக்காவின் சொந்தத் தம்பி. ஊருக்கு அவர் 'கோச்சு'. அக்காவுக்கு 'டேய்'. அம்மா வேலைக்குப் போன வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே தான் செய்த முதல் தப்பு, அதனால்தான் அவன் மற்றவர்களை ஓடச் சொல்லிப் பிழைக்கிறான் என்று எல்லாரிடமும் சொல்வார். ஆட்டம் நடக்கும்போது பின்னாலிருந்து "டேய், அவனை மாத்துடா! மூச்சு வாங்குது பாரு, பந்துக்குப் பதிலா அவனைத்தான் உதைக்கணும்!" என்று குரல் வரும். கோச்சு திரும்பிப் பார்த்ததே கிடையாது. காதுமடல் மட்டும் சிவக்கும். கொஞ்ச நேரம் தன் யோசனை போலக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பையனை மாற்றுவார். இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

"அக்கா, ஆட்டம் முடிஞ்சிடுச்சு. சோறு போடு."

"உனக்கு முடிஞ்சிடுச்சு. எனக்கு இப்பதான் ஆரம்பம்."

கல்லூரி அணி, எல்லாரும் வியக்கும்படி, முதன்முறையாக இறுதிப் போட்டிக்குத் தேறியது. தேறும்வரை கல்லூரிக்கு அணி இருப்பதே தெரியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கால்பந்துப் பாசம் பொங்கியது. அதில் முதல் பொங்கல் மெத்தைக் கம்பெனி முதலாளியுடையது. அவர் பழைய மாணவர். "நம்ம பிள்ளைங்க பஸ்ஸுல போறதாவது!" என்று ஒரு சின்ன விமானத்தையே வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். விமானத்தின் கதவுப் பக்கம் மெத்தை விளம்பரம் ஒட்டப்பட்டது. அதைப் படம் எடுக்கக் கம்பெனிப் புகைப்படக்காரரும் ஏறினார். ஓர் இருக்கை குறைந்தது. மூன்றாவது கோல்கீப்பரை இறக்கிவிட்டார்கள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதலாளியின் மெத்தையில் மூட்டைப்பூச்சி மொய்க்கட்டும் என்று சபித்தபடி விடுதிக்குத் திரும்பினான்.

"பஸ்ல போனாலே பாதி வாந்தி. இவனுங்களுக்குப் பிளேன் கேக்குதா?" என்று அக்கா வழியனுப்பினார்.

இறுதிப் போட்டியில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். மறுநாள் மதியம் விமான நிலையத்திலிருந்து கோச்சு கூப்பிட்டார்.

"என்னடா, மூணா? வலையைக் கழட்டி வச்சிட்டு ஆடினீங்களா?"

"வந்து பேசிக்கலாம், அக்கா. ஏறச் சொல்றாங்க."

"வா, வா. இன்னிக்கு உனக்குச் சாப்பாடே தேவைப்படாது. நான் குடுக்கறதுலயே வயிறு நிறைஞ்சிடும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு அக்கா கடையில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். தடுப்பாட்டத்துக்கு ஒன்று, முன்கள வீரனுக்கு ஒன்று, தம்பிக்கு மட்டும் ஒரு பெரிய கட்டு.

பேக்கரிக்காரர் கண் சோதனைக்கு வந்திருந்தார். அக்கா சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை அவருக்கு மாட்டிவிட்டு, "கீழ் வரியைப் படிங்க" என்று சொன்ன நேரத்தில் ஃபோன் அடித்தது. மலைப்பக்கம் மூடுபனி. இறங்கப் பார்த்த விமானம் குன்றின் மேல் மோதிவிட்டது. யாரும் மிஞ்சவில்லை. பேக்கரிக்காரர் கீழ் வரியைப் படித்தார். அக்கா எதுவும் சொல்லாததால் மேல் வரியையும் படித்தார். பலகையில் இருந்த எழுத்தெல்லாம் தீர்ந்துபோய், தப்பாகச் சொல்கிறோமோ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். உள்ளறையிலிருந்து கணவர் வந்துதான் அவர் மூக்கிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றினார்.

கல்லூரி அரங்கில் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். திறக்க வேண்டாம் என்று ஓர் அதிகாரி எல்லாரையும் கேட்டுக்கொண்டார். மூடியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில்தான் யார் யார் என்று தெரிந்தது. அக்கா தம்பியின் பெட்டிப் பக்கத்தில் நின்றார். ஒரு சொல்கூட வரவில்லை.

அடுத்து, துக்கம் விசாரிக்கும் படலம். விமானம் விழுந்த துக்கத்தைக் கேட்க மந்திரி ஹெலிகாப்டரில் வந்தார். தைரியசாலிதான். "இந்தக் கைப்பந்து வீரர்களின் தியாகம் வீண்போகாது" என்று முழங்கினார். பக்கத்தில் நின்றவர் காதில் ஏதோ சொல்ல, "கைப்பந்தும் கால்பந்தும் எனக்கு இரண்டு கண்கள்" என்று சமாளித்தார். தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து அக்காவிடம், "இந்த நிமிஷம் உங்க மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பழைய அக்காவாக இருந்தால் அந்தப் பெண் வேலையையே விட்டிருப்பாள். அக்கா அவள் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். எழுந்துபோய்க் கடையின் ஷட்டரை இழுத்து மூடினார்.

சிலைக்குழு ஒன்று அமைந்தது. மெத்தை முதலாளிதான் தலைவர். சிலையில் பந்து காலடியில் இருப்பதா, கையில் இருப்பதா என்று முதல் கூட்டம். பீடத்தில் இறந்தவர்களின் பெயர் பெரிதா, கொடையாளியின் பெயர் பெரிதா என்று இரண்டாவது கூட்டம். பிஸ்கட் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. சிலை இன்னும் வரவில்லை. கல்வெட்டில் முதலாளியின் பெயரை மட்டும் வெட்டி முடித்துவிட்டார்கள் என்று கேள்வி.

ஊர் அக்காவைக் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தியது. எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலி. அவரைக் கண்டதும் தெருவில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். ஒருநாள் விடுதிக் காப்பாளர் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். மறுநாள் விளக்குக் கம்பத்தில் முட்டினார். விசாரித்ததில், அக்கா தவறுதலாக யாருடைய கண்ணாடியையோ அவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மனிதர் வாரக்கணக்கில் அதையே போட்டுக்கொண்டு உலகத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து நடந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அக்காவின் கணவர்.

"துக்கத்துல இருக்கறவங்ககிட்ட எப்படிங்க போய் குறை சொல்றது?"

அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. வீட்டிலும் அப்படித்தான். பேசாத கணவர் பேச ஆரம்பித்திருந்தார். "தண்ணி வேணுமா? படுக்கறியா?" என்று அவர் மெல்லக் கேட்கிற ஒவ்வொரு முறையும் அக்காவுக்குச் செத்தது தம்பியா, தானா என்று சந்தேகம் வந்தது.

அணியைக் கலைக்கக் கூடாது என்று கல்லூரி முடிவு செய்தது. விடுதியில் இரண்டு கால் இருக்கிறவர்களையெல்லாம் பிடித்து அணி சேர்த்தார்கள். பயிற்சியாளராக வேதியியல் ஆசிரியரைப் போட்டார்கள். சோதனைக்குழாயைத் தவிர எதையும் பிடித்தறியாதவர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டார், எப்போது ஊதுவது என்பதுதான் பிடிபடவில்லை. கோலுக்கு, இறக்கிவிடப்பட்ட அந்த மூன்றாவது கோல்கீப்பர். ஊர் அவனுக்கு 'அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்திருந்தது. தெருவில் போனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அவன் கன்னத்தைத் தடவி அழுதார்கள். அவன் பல் தேய்க்காமல் திரிந்தாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. உயிரோடு இருப்பதே அவனுடைய சாதனையாகிவிட்டது.

இப்படிப்பட்ட அணி தோல்வியே அறியாமல் ஆடியது! வந்த அணியெல்லாம் ஒரு கோல் போட்டால், மனசு கேட்காமல் ஒரு கோல் வாங்கிக்கொண்டது. நம் பையன் பந்தை நோக்கி வந்தால் எதிரணி விலகி வழிவிட்டது, வயதானவருக்குப் பேருந்தில் இடம் கொடுப்பது போல. பந்து காலில் பட்டாலே கூட்டம் எழுந்து கைதட்டியது. அதிர்ஷ்டத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போனதற்கும் கைதட்டினார்கள். அவன் வலைக்குள் குனிந்து பந்தை எடுக்கும்போது முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

அக்கா முதல் வரிசை நாற்காலியை விட்டுத் தன் பழைய படிக்குப் போய் உட்கார்ந்தார். எல்லா ஆட்டத்துக்கும் வந்தார், பார்த்தார், எழுந்து போனார். குடை மடியில் மடங்கியே கிடந்தது.

பிறகு நினைவுக் கோப்பை ஆட்டம். எதிரே வந்தது அந்த வட்டாரத்திலேயே பெரிய அணி. கையில் கறுப்புப் பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, நடந்து நடந்து ஆடினார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் நம் தடுப்பாட்டக்காரன் பந்தைக் கையால் தடுத்துவிட, பெனால்டி கொடுத்தார் நடுவர். எதிரணியின் பத்தாம் நம்பர் பந்தை வைத்தான். அவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோல் போடுகிறவன். அதிர்ஷ்டம் நடுவில் நின்றான். பத்தாம் நம்பர் அவனை ஒருமுறை பார்த்தான், வானத்தை ஒருமுறை பார்த்தான், பந்தை மெதுவாக, வேண்டுமென்றே, கம்பத்துக்கு வெகு தூரத்தில் உருட்டிவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

கூட்டம் உருகிப்போனது. எழுந்து நின்று கைதட்டியது. கல்லூரி முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், பத்தாம் நம்பர்!"

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"காலா அது, கரண்டியா? யாரைக் கேட்டுடா வெளிய அடிச்ச? நாங்க உங்கிட்ட கை நீட்டினமா, பிச்சை போடுன்னு? உங்க அம்மா சோறு போட்டுத்தானே அனுப்பினாங்க? அடிடா ஒழுங்கா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் திட்டினார். அக்காவுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. கோல் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடா வேடிக்கை பாக்கற? அசையக்கூட இல்லையே! கோலுக்குக் கம்பம் ரெண்டு போதும்டா, மூணாவதா நீ எதுக்கு?"

முதல்வர் முதல் வரிசையிலிருந்து ஓடி வந்தார். "அக்கா, வேணாம். தயவு பண்ணி உக்காருங்க. இது நினைவு ஆட்டம்."

"எனக்கு மறந்துபோச்சுன்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

இறந்துபோன முன்கள வீரனின் அம்மா, மூன்று வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வெளியே போனார். அக்கா அதைப் பார்த்தார். உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் கோல் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீங்க வந்து நின்னு பாருங்க, அக்கா! குடையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்த இடத்துலயே பேசறது சுலபம்!"

முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிர்ஷ்டம் முகம் சிவக்க, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி அக்காவை முறைத்துக்கொண்டிருந்தான். அந்தக் குன்றில் விமானம் மோதிய நாளுக்குப் பிறகு அக்காவை யாரும் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. அவருக்கு உச்சந்தலையில் யாரோ ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது.

"வாய் மட்டும் நல்லா நீளுது! அதே மாதிரி கை நீளட்டும்டா, பாக்கலாம்!"

கடைசி வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் பயந்துபோய் நிறுத்தினார். ஆனால் அதற்குள் இன்னொருவருக்குத் தொற்றிவிட்டது. அக்காவின் கணவர் கடைசிப் படியில் நின்றபடி, யார் சார்பிலும் இல்லாமல், சொந்தமாகவே புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி கறுப்புப் பட்டையைக் கழற்றவில்லை. ஆனால் ஓடத் தொடங்கியது. பத்தாம் நம்பருக்கு ரோஷம் வந்திருந்தது. மரியாதை போன வேகத்தில் கோல் விழ ஆரம்பித்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. வேதியியல் ஆசிரியர் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். "அவனை மாத்துங்க, சார்! இடது பக்கம் ஓட்டையா இருக்கு! உங்க குழாய்ல ஓட்டை இருந்தா அடைக்க மாட்டீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தபோது, அவர் திரும்பி நின்று, கைகட்டி, "யாரைப் போடட்டும், அக்கா?" என்று மாணவனைப் போலக் கேட்டார். அக்கா ஒரு கணம் தடுமாறினார். தம்பி ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு கையை நீட்டி, பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த குள்ளப் பையனைக் காட்டினார்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பத்தாம் நம்பர் முழு பலத்தோடு ஒன்று அடித்தான். வலது மூலை. வழக்கமாக அதிர்ஷ்டம் வழியனுப்பி வைக்கும் பந்து. அன்றைக்குப் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி, வெளியே போனது. அவன் தரையில் விழுந்து புரண்டான். கூட்டம் கத்தியது. அது அனுதாபம் இல்லை என்பது கத்தலிலேயே தெரிந்தது.

ஐந்துக்குப் பூஜ்யம். நினைவுக் கோப்பையை எதிரணி வாங்கிக்கொண்டு போனது. மேடையில் முதல்வர் பேசும்போது, நம் அணி நீண்ட காலத்துக்குப் பிறகு தோற்றிருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டு, இதை வருத்தமாகச் சொல்வதா, மகிழ்ச்சியாகச் சொல்வதா என்று தெரியாமல் நன்றியுரைக்குத் தாவினார். எழுந்து போன அந்த அம்மா அப்புறம் பல மாதம் அக்காவின் கடைப் பக்கம் வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போனார், கதவு திறக்கவில்லை. இப்போது அந்த அம்மா மைதானத்துக்கு வருகிறார். அக்காவிடம் பேசுவதில்லை. ஆனால் நடுவர் தப்பு செய்தால், "என்ன, சும்மா இருக்கீங்க?" என்பது போல இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கிறார்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு அதிர்ஷ்டம் வேலியோரமாக வந்து நின்றான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். உள்ளே வீங்கிவிட்டதில் கையுறை கழலவில்லை. வேதியியல் ஆசிரியர் ஒருமுறை இழுத்துப் பார்த்ததில் அவன் போட்ட அலறலுக்கு அவர் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"கொண்டா இங்க. அஞ்சு வாங்கிட்டு ஒண்ணைத் தடுத்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

அவன் படியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "மெதுவா, அக்கா."

"எனக்குத் தெரியும், வாயை மூடு. பாய்ஞ்சா கட்டைவிரலை உள்ள மடக்கணும்னு தெரியாது? எந்த லட்சணத்துல விழுந்த நீ, அரிசி மூட்டையைக் கீழ போட்ட மாதிரி?"

அக்கா அந்தச் சேறு படிந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவதை நிறுத்தாமலே கையுறையை விரல் விரலாகத் தளர்த்தி உருவினார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஊதா நிறத்தில் வீங்கியிருந்த ஆள்காட்டி விரல் வெளியே வந்தபோது பேச்சு பாதியில் நின்றது. குனிந்து, உதட்டைக் குவித்து, அந்த விரலின் மேல் மெல்ல ஊதினார்.